யார் மொதல்ல அடிச்சது?

இந்தக் கேள்விக்கு எந்த வீட்டிலும் இதுவரை சரியான பதில் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

"யார்றா மொதல்ல அடிச்சது?"

"அவதாம்ப்பா!"

"பொய்ப்பா! அவன்தான் என் பென்சில் பாக்ஸை எடுத்தான்!"

அப்பா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து ஒரு கால் செருப்பைக் கழற்றியிருக்கிறார். அதற்குள் கேஸ் பதிவாகிவிட்டது. ஒரே சாட்சி பாட்டி. பாட்டி எப்போதும் பேரன் கட்சி. அம்மா எதிர்த்தரப்பு வக்கீல். விசாரணை இரண்டு நிமிஷம். தீர்ப்பு, ஆளுக்கு ஒரு அடி. பென்சில் பாக்ஸ் பறிமுதலாகி அலமாரி மேல் போய்விடும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அதே கேஸ் மறுபடி விசாரணைக்கு வரும்.

கல்யாணம் ஆகாத வாசகர்கள் சிரிக்க வேண்டாம். மே மாத லீவில் அக்கா குழந்தைகள் வந்து இறங்கும்போது அந்த நீதிபதி நாற்காலி உங்களுக்குத்தான்.

விசாரணை, தீர்ப்பு, தண்டனை. இந்த மூன்றை விட்டால் குழந்தைச் சண்டைக்கு வேறு வழியே கிடையாதா? இருக்கிறது. செலவில்லாத வழி. பாட்டு.

"பாட்டு கிளாஸா? மாசம் எவ்வளவு ஃபீஸ்?" என்று கணக்குப் போட ஆரம்பிக்காதீர்கள். நான் சொல்வது சரளி வரிசை இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு தாளத்தில் கை தட்டுகிற சமாசாரம். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. வலை இழுப்பவர்கள் 'ஏலேலோ ஐலசா' போட்டது பொழுது போகாமல் அல்ல. பத்துப் பேர் பத்து நேரத்தில் இழுத்தால் வலை வராது. பத்துப் பேரும் 'சா'வில் இழுத்தால் வரும். நாற்று நடுகிறவர்கள் பாடியதும் அப்படித்தான். வேலை பிரிந்திருந்தாலும் மூச்சு ஒன்றாக இருக்க வேண்டும் என்று மானேஜ்மென்ட் புத்தகம் எதுவும் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

* * *

குழந்தைகளிடம் இது பலிக்குமா என்று ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் இரண்டு பேர் சோதித்துப் பார்த்தார்கள். செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமசெல்லோ. ஆய்வு வெளியான வருஷம் 2010.

நாலு வயசுக் குழந்தைகள் 96 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். தரையில் ஒரு நீலப் போர்வை, அதுதான் குளம். குளத்தில் மரத் தவளைகள். பாதி ஜோடிகள் பாட்டுப் பாடி, தவளையைத் தட்டித் தாளம் போட்டு விளையாடின. மீதி ஜோடிகள் அதே விளையாட்டைப் பாட்டும் தாளமும் இல்லாமல் விளையாடின. அப்புறம்தான் பரீட்சை. விளையாட்டு சாமானில் ஒரு கோளாறு செய்து, ஒரு குழந்தையின் கோலிகள் மட்டும் சிதறும்படி வைத்தார்கள். இன்னொரு குழந்தை தன் வேலையை விட்டுவிட்டு வந்து பொறுக்கிக் கொடுக்கிறதா என்று பார்த்தார்கள்.

பாடி விளையாடின குழந்தைகள்தான் அதிகமாக ஓடி வந்தன. ஒரு வேலையைத் தனியாகவும் செய்யலாம், சேர்ந்தும் செய்யலாம் என்ற நிலையில் சேர்ந்து செய்ததும் அவைதான் அதிகம்.

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லி குழு 2014-ல் இன்னும் கீழே இறங்கிப் போனது. வயசு 14 மாசம். பேசவே தெரியாத பருவம். குழந்தையை ஒருவர் மார்போடு கட்டிக்கொண்டு பாட்டுக்கு ஏற்ப மெள்ளக் குதிக்கிறார். எதிரே ஒரு பெண்மணி. அவரும் குதிக்கிறார். சில குழந்தைகளுக்கு எதிரே இருப்பவர் அதே தாளத்தில். சில குழந்தைகளுக்கு வேண்டுமென்றே தாளம் தப்பி. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்மணி கை தவறின மாதிரி ஒரு பொருளைக் கீழே போடுகிறார். கூடவே தாளம் போட்டவருக்குக் குழந்தைகள் அதிகமாக எடுத்துக் கொடுத்தன.

மேளக் கச்சேரியில் தாளம் தப்பினவரை நாம் முறைக்கிறோமே, அந்தப் பழக்கம் தொட்டிலிலேயே ஆரம்பித்துவிடுகிறது போலிருக்கிறது.

ஆக, பாட்டுப் போட்டால் சமாதானம். கட்டுரை முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்களா? இருங்கள். வில்லங்கம் இனிமேல்தான்.

* * *

அதே கனடாக் குழு இன்னொன்றும் பார்த்தது. தாளம் சேர்ந்த பெண்மணிக்கு உதவின குழந்தை, சம்பந்தமே இல்லாத வேறொருவருக்கும் அதே மாதிரி உதவுகிறதா? இல்லை. அந்தப் பெண்மணியின் சிநேகிதி என்று தெரிந்தால் உதவுகிறது. முன்பின் தெரியாதவர் என்றால் அந்தக் கூடுதல் பாசம் காணோம்.

அதாவது, தாளம் 'எல்லாரும் நல்லவங்க' என்று சொல்லித் தருவதில்லை. 'இவங்க நம்ம ஆளு' என்று சொல்லித் தருகிறது. நம்ம ஆள் என்று ஒரு வட்டம் போட்டால், வட்டத்துக்கு வெளியே ஒருத்தன் நிற்பான்.

இதைத் தெரிந்துகொள்ளக் கனடா போக வேண்டியதே இல்லை. கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் மின்சார ரயிலில் பொன்னேரியில் ஏறி, மீஞ்சூர், எண்ணூர் வழியாக மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் வரை போனால் போதும். காலேஜ் திறந்திருக்கிற நாளாக இருக்க வேண்டும்.

பெட்டியின் தகரச் சுவர்தான் மிருதங்கம், கடம் எல்லாம். ஒருத்தன் கானா எடுத்துக் கொடுப்பான், இருபது பேர் வாங்கிப் பாடுவார்கள். கேட்க நன்றாகவே இருக்கும். காலையில் ஸீஸன் டிக்கெட் கோஷ்டி தூங்கி வழிகிற நேரத்தில் அந்தத் தாளத்துக்கு நம் காலும் தானாக ஆடும். அத்தனை ஒற்றுமை. முதல் வருஷம் சேர்ந்த பையன் ஒரே வாரத்தில் அந்தக் கூட்டத்துக்குள் கரைந்துவிடுவான். பாட்டு அவ்வளவு வேகமாக ஒட்ட வைக்கும்.

பாட்டில் என்ன வரும்? எங்க காலேஜ், எங்க ரூட்டு, எங்க 'தல'. அடுத்த காலேஜ் என்றால் கிண்டல். அந்த அடுத்த காலேஜ் கோஷ்டி இன்னொரு பெட்டியில் இதே தாளத்தில் இதே மெட்டில் எதிர்ப்பாட்டு வைத்திருக்கும். பாட்டில் ஆரம்பித்தது பிளாட்பாரத்தில் கல்லாக முடிந்த நாட்கள் உண்டு. கத்தியாக முடிந்த நாட்களும் உண்டு. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வேறு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் ஒரு மாணவர் ஆஸ்பத்திரியில் இறந்தே போனார். தினமும் ரயில் ஏறிப் படிக்க வந்த பையன்.

கானா மேல் பழி போடாதீர்கள். வடசென்னையில் சாவு வீட்டுத் துக்கத்தைக்கூடப் பகிர்ந்துகொண்ட பாட்டு அது. 2018 ஜனவரியில் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றியபோது, கானாக்காரர்களும் ராக் கிதார்க்காரர்களும் பறை வாசிப்பவர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். அதே கானாதான். வட்டத்தைப் பெரிதாகப் போட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும்போது 'என்ன பாட்டு' என்பது இரண்டாவது கேள்வி. 'யார் கூட' என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கூலில் சிவப்பு ஹவுஸ், நீல ஹவுஸ் என்று பிரித்து, இரண்டு ஹவுஸுக்கும் தனித்தனிக் குழுப் பாடல் போட்டி வைத்துவிட்டு, 'இசையால் ஒற்றுமை வளர்த்தோம்' என்று ஆண்டு விழாவில் அறிக்கை படித்தால், வளர்த்தது ஒற்றுமை இல்லை ஸார். ரூட்டு!

* * *

வட்டத்தைப் பெரிதாகப் போடுவது எப்படி? நம் பாட்டிகளிடம் ஒரு வித்தை இருந்தது. பின்னல் கோலாட்டம்.

பார்த்திருப்பீர்கள். மேலே ஓர் உச்சியிலிருந்து கலர் கலராகக் கயிறு தொங்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கையில் கயிற்று நுனி, மறு கையில் கோல். பாட்டு ஆரம்பித்ததும் பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. எதிரே வருகிறவரை ஒரு தடவை உள்ளே போய்க் கடக்க வேண்டும், அடுத்தவரை வெளியே போய். மேலே கயிறு ஜடை மாதிரிப் பின்னிக்கொண்டே வரும். அப்புறம் அதே பாதையில் தலைகீழாக ஆடினால் பின்னல் பிரியும்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது பாருங்கள். எதிரே வருகிறவள் காலையில் உங்கள் பென்சில் பாக்ஸை எடுத்தவளாகவே இருக்கட்டும். அவளைத் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கடந்துதான் ஆக வேண்டும். அவள் தப்பினால் உங்கள் கயிறும் சிக்கும். நீங்கள் மட்டும் பிரமாதமாக ஆடி அவளைத் தோற்கடிக்க வழியே இல்லை.

சிக்கிவிட்டால்? கயிற்றை இழுத்தால் முடிச்சு இறுகும். எல்லாரும் நின்று, எந்த இடத்தில் தப்பியது என்று பார்த்து, பின்னோக்கி ஆடி அவிழ்க்க வேண்டும். பி.காம். படித்தவர்களுக்குப் புரியும். ட்ரையல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்? லெட்ஜரைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டியதுதான். 'யார் மொதல்ல அடிச்சது' என்ற கேள்வி அங்கே 'எங்கே தப்பிச்சு' என்று மாறிவிடுகிறது. முதல் கேள்விக்குப் பதில் ஓர் ஆள். இரண்டாவதற்குப் பதில் ஓர் இடம். இடத்தின் மேல் யாருக்கும் கோபம் வராது.

* * *

கோலாட்டத்தில் கால் செய்வதைக் குரலில் செய்து காட்டியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். எம்.பி.ஸ்ரீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர். மலையாளத்தில் நிறையப் படங்கள். சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் அமைக்க முன்னின்றவர். கூலி விஷயத்தில் தனித்தனியாகப் பேசினால் வேலைக்காகாது, சேர்ந்துதான் பேச வேண்டும் என்று அறிந்த மனிதர், பாட்டிலும் அதையே செய்தது ஆச்சரியம் இல்லை.

1970-களின் தொடக்கத்தில் அவர் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்ற சேர்ந்திசைக் குழுவை ஆரம்பித்தார். பாரதியார் பாட்டையெல்லாம் பல குரலில் பாட வைத்தார். 1980-களில் என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுக்கப் பள்ளிகளில் சேர்ந்து பாடுவதைப் பரப்பியபோது அதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார்.

சேர்ந்திசை என்றால் ஸ்கூல் பிரேயர் மாதிரி எல்லாரும் ஒரே மெட்டைக் கத்துவது அல்ல. ஒரு கோஷ்டி ஒரு மெட்டு, அதே நேரத்தில் இன்னொரு கோஷ்டி வேறு மெட்டு, மூன்றாவது கோஷ்டி கீழே நின்று தாங்கிப் பிடிக்கும். பிரேயரில் வாயை மட்டும் அசைத்து ஏமாற்றலாம் (நம்மில் பாதிப் பேர் பத்தாவது வரை அப்படித்தான் ஒப்பேற்றினோம்). சேர்ந்திசையில் ஏமாற்ற முடியாது. உன் குரல் இல்லாவிட்டால் ஓட்டை தெரியும்.

அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்பவன் வேறு மெட்டுப் பாடுகிறான். அவனைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அவன் பின்னால் இழுபட்டுப் போகக் கூடாது. அவன் குரலை அமுக்கவும் கூடாது. குழந்தைக்கு இதை வாயால் சொல்லிப் புரிய வைக்க வருஷக்கணக்காகும். பாட வைத்தால் ஒரு மாலைப் பொழுதில் உடம்புக்குப் புரிந்துவிடும். "நீ வேற மாதிரி இரு, பரவாயில்ல. ஆனா என் கூட இரு." பெரியவர்களே ஆபீஸ் மீட்டிங்கில் செய்ய முடியாத காரியம்.

வெனிசுவேலாவில் ஹோஸே அந்தோனியோ அப்ரேயு 1975-ல் ஒரு கார் ஷெட்டில் சில பிள்ளைகளை வைத்து ஆரம்பித்த ஆர்கெஸ்ட்ரா இயக்கம், லட்சக்கணக்கான பிள்ளைகள் வரை வளர்ந்தது. அவர் தொழிலால் பொருளாதார நிபுணர். (காமர்ஸ்காரர்களை லேசாக நினைக்காதீர்கள்.) ஏழைப் பிள்ளை கையில் வயலின் கொடுத்தால் அவன் தெருவில் போக்கிரியாக மாட்டான் என்பது நம்பிக்கை. ஆனால் 2014-ல் ஜியோஃப்ரி பேக்கர் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் அதையே துருவிப் பார்த்து ஒரு புத்தகம் போட்டார். அதட்டலும் போட்டியும் அதிகம், பிள்ளைகள் வாய் திறந்து அபிப்பிராயம் சொல்ல இடமில்லை என்றார். வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பிரம்பை எடுத்தால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? பிரம்பைத்தான்.

* * *

இனி ஒரு கசப்பான விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ப்ளஸ் டூ மாணவரையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பையன்கள். காரணம் ஜாதி. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, மாணவர்கள் ஜாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருவதற்குத் தடை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

கலர் கயிறு. கோலாட்டத்தில் மேலே பின்னுகிற அதே கலர் கயிறுதான் இங்கே மணிக்கட்டில் ஏறி, 'இவன் நம்ம ஆள் இல்லை' என்று சொல்கிறது.

'அங்கேயும் ஒரு பாட்டு கிளாஸ் வைத்தால் சரியாகிவிடும்' என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிபட்ட பிள்ளையை அடித்தவன் பக்கத்தில் நிறுத்தி "எங்கே, சேர்ந்து பாடுங்க பார்க்கலாம்" என்பது சமாதானம் இல்லை, இன்னொரு கொடுமை. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பும் நியாயமும். 'யார் மொதல்ல அடிச்சது' என்று கட்டாயம் கேட்டே ஆக வேண்டிய இடம் அது. பாட்டு மருந்து அல்ல, சத்துணவு. ஜுரம் வந்த பிறகு ஊட்டுவதற்கு அல்ல, ஜுரம் வராமல் இருப்பதற்கு. ஆறு வயசில் ஒன்றாகக் கோல் தட்டிய கைக்குப் பதினாறு வயசில் அரிவாள் எடுக்கக் கொஞ்சமாவது தயக்கம் வராதா என்ற ஆசைதான். உத்தரவாதம் தர ஆளில்லை. ஆனால் ஒன்றாகத் தட்டாமலே வளர்ந்த கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டோமே.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னும் ஒரு தேவை இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள். செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் தெலுங்கு எப்போதும் உண்டு. ஒரே தெருவில் மூன்று பாஷைப் பிள்ளைகள். சண்டை வந்தால் திட்டு புரிகிறது. சமாதானப் பேச்சுதான் புரிவதில்லை! கை தட்டலுக்கு டிக்‌ஷனரி வேண்டாம்.

* * *

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், கிரிக்கெட்டில் 'அவுட்டு - நாட் அவுட்டு' தகராறு முற்றுகிற நேரமாகப் பார்த்து, இதைச் செய்து பாருங்கள். வாத்தியம் வேண்டாம். சங்கீதம் தெரிய வேண்டாம். இரண்டு சொல் போதும்: தகதிமி, தகிட.

பிள்ளைகளை இரண்டு கோஷ்டியாகப் பிரியுங்கள். சண்டை போட்ட இரண்டு கட்சியையும் கலந்து பிரிக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஒரு கோஷ்டி 'தகதிமி' என்று நாலு நாலாகச் சொல்லி, 'த' வரும்போது மட்டும் கை தட்டட்டும். இன்னொரு கோஷ்டி 'தகிட' என்று மூன்று மூன்றாக. எல்லா எழுத்தும் ஒரே வேகம். இரண்டு கோஷ்டியும் ஒன்றாக ஆரம்பிக்க வேண்டும்.

முதல் தட்டு சேர்ந்து விழும். அப்புறம் கலாட்டா. இவன் ஓர் இடத்தில் தட்டுவான், அவன் இன்னோர் இடத்தில். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் தப்பும். தப்பினால் திட்டாதீர்கள்; மறுபடி முதலிலிருந்து. பத்தாவது தடவை சரியாக வரும். நாலு மூன்றாகவும் மூன்று நாலாகவும் 12 எழுத்து முடிந்து, அடுத்த 'த'வில் அத்தனை கையும் 'டப்' என்று ஒன்றாக விழும். ஆறாம் கிளாஸில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தோமே, அதன் சத்தம் இதுதான். அந்த 'டப்' விழுந்ததும் பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டும்.

இரண்டு விதிகள். எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒவ்வொரு சுற்றுக்கும் மாற வேண்டும். ஒரே பிள்ளை நிரந்தரத் 'தல' ஆகிவிடக் கூடாது. வாயே திறக்காமல் ஓரமாக நிற்கிற பிள்ளைக்கு 'நிறுத்து' என்று கை காட்டுகிற வேலையைக் கொடுங்கள். அது கை காட்டினால் மொத்தத் தெருவும் நிற்க வேண்டும். அதன் முகத்தைப் பாருங்கள்.

பொன்னேரியில் சித்திரை மாதம் ஒரு விழா உண்டு. அகத்தீஸ்வரர் கோயில் சிவனும் கரிகிருஷ்ணப் பெருமாளும் அவரவர் கோயிலிலிருந்து புறப்பட்டு வந்து தெருவில் சந்திப்பார்கள். ஹரியும் ஹரனும் சந்திப்பதைப் பார்க்க ஊரே கூடும். ஈஸ்வரன் நாமம் போட்டுக்கொள்வதில்லை. பெருமாள் விபூதி பூசிக்கொள்வதில்லை. அவரவர் மேளம் அவரவருக்கு. சந்திக்கிற இடமும் நேரமும் மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும்.

தகதிமியும் தகிடவும் அவ்வளவுதான். மறந்துவிடாதீர்கள், பன்னிரண்டு முடிந்து அடுத்த தட்டு!